தீக்குழம்பின் மேல் குடியிருப்போர்

எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படலத்தை நாங்கள் சில மாதங்களுக்கு ஒரு தடவை சுரண்டி எடுப்பது வழக்கம். யாழ்ப்பாணத்துப் புத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு வருகின்ற தண்ணீர், கொதிக்கும்போது அந்தச் சுண்ணாம்பைப் பாத்திரத்தில் இறக்கி வைத்துவிடுகிறது. 2018 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஒஸ்லோவில் வாழும் என் தங்கையின் குடும்பத்தோடு ஐஸ்லாந்துக்குச் சென்றிருந்தேன். ரெய்க்யவிக் நகரில் நாங்கள் தங்கிய வீட்டில் என் கண்ணில் முதலில் பட்டது, அங்கிருந்த பழைய கேத்தல்தான். வெளிப்புறம் நெளிந்து நிறம் மங்கியிருந்த அதன் உட்புறம், கடையிலிருந்து அன்று வாங்கியது போலச் சுத்தமாக இருந்தது.

காரணம் பாறையில் இருக்கிறது. அங்கு மழையும் உருகும் பனியும் சுண்ணாம்பில்லாத எரிமலைப் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி, வடிகட்டப்பட்டு ஊற்றாகின்றன. அந்தத் தண்ணீரைக் குளோரீன் இடாமலே நகரத்துக் குழாய்களில் விடுகிறார்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் அவித்த முட்டையின் மணம் வரும். அந்த நீர் நிலத்தின் ஆழத்தில் சூடாகி, கந்தகத்தின் சுவட்டோடு மேலே வருவது. அந்நாட்டில் பத்து வீடுகளில் ஏறத்தாழ ஒன்பது வீடுகள் நிலத்தடி வெப்பத்தினால்தான் குளிர் காய்கின்றன. ஆறில்லாத ஊரில், உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலத்தை நம்பி வாழ்கின்ற எனக்கு, இந்த இரண்டு குழாய்களையும் மாறி மாறித் திறந்து பார்ப்பதே முதல்நாட் பொழுதுபோக்காக இருந்தது. நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதைச் சிறுவயதிலேயே அறிந்த எவருக்கும், தண்ணீர் என்பது நிலத்தின் கதையையும் சேர்த்துக்கொண்டு வருவது என்று தெரியும்.

நான் முப்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்தவள். எரிமலையின் குறுக்குவெட்டு முகத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அதுவரை வாழ்க்கையில் ஒரு எரிமலையைக்கூடக் கண்டதில்லை. எங்கள் குடாநாடு, கடலடியில் உயிரினங்களின் ஓடுகளும் எலும்புகளும் இலட்சக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து இறுகிய மயோசின் காலச் சுண்ணாம்புக்கல். ஐஸ்லாந்திலோ என் அம்மாவை விட வயதிற் குறைந்த நிலத்தைக் காட்டினார்கள். தெற்குக் கரைக்கு அப்பால் 1963 நவம்பரில் கடலுக்குள்ளிருந்து புகைந்தெழுந்த சுர்ட்சி என்னும் தீவு, 1967 ஜூன் வரை எரிந்து வளர்ந்தது. வெறும் பாறையில் உயிர் எவ்வாறு குடியேறுகிறது என்று பார்ப்பதற்காக, அன்று முதல் ஆய்வாளர்களைத் தவிர வேறெவரையும் அங்கு இறங்க விடுவதில்லை. அலை அரித்து அரித்து, தீவு இப்போது ஏறத்தாழப் பாதியாகிவிட்டது.

திங்வெட்லிர் சமவெளியில், பூமியின் மேலோட்டுத் தகடுகளான வட அமெரிக்கத் தகடும் யூரேசியத் தகடும் விலகிச் செல்லும் பிளவுக்குள் நடந்தோம். விலகும் வேகம் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர். கரும்பாறைச் சுவர்களுக்கு நடுவே பாதை செல்கிறது. நான் சோக்கட்டியால் இரண்டு அம்புக்குறிகளாகக் காட்டிய அந்தப் பொருளின் நடுவில் நின்றபோது, வகுப்பில் பின்வாங்கில் இருந்து தூங்கிய பிள்ளைகளையெல்லாம் அழைத்து வந்து காட்ட வேண்டும் என்று மனம் உண்மையாகவே ஏங்கியது. அந்த வெளியிலேயே கி.பி. 930 இல் ஐஸ்லாந்தியர் தங்கள் பொதுச் சபையைக் கூட்டினார்கள். சட்டங்கள் எழுதப்படாத காலத்தில், சட்டம் உரைப்போர் என்ற பதவியிலிருந்தவர், பாறையொன்றின் மேல் நின்று ஆண்டுக்கு மூன்றிலொரு பங்காக முழுச் சட்டத்தையும் மனப்பாடமாகச் சொல்லி முடிப்பாராம்.

நிலத்தைப் பற்றி இன்னொன்று. கொப்பவோகூர் என்ற ஊரில் ஒரு தெரு, பாறைமேடு ஒன்றுக்கு இடம் விட்டு ஒடுங்கிச் செல்கிறது. அந்த மேட்டில் கண்ணுக்குத் தெரியாமல் மறைவாக வாழும் மக்கள் குடியிருப்பதாக ஊரவர் சொல்லி வருவதால், வீதி போட்டவர்கள் அதை உடைக்கவில்லை. சுற்றுலாக் கைநூல்கள் இதை வேடிக்கையாக எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆலமரத்தின் கீழ் வைரவர் சூலம் நிற்கும் இடத்தில் ஒழுங்கை வளைந்து செல்லும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை.

இனி, நான் இதை எழுத வந்ததற்குரிய விடயங்களுக்கு வருகிறேன்.

நாங்கள் தங்கிய வீட்டின் உரிமையாளரான அம்மையார், பதிவேட்டில் எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். தங்கையின் மகளான என் பெறாமகளின் பெயரின் பின்பகுதி என்ன பொருள் தருவது என்று அவர் கேட்டார். அவள் தயங்கிவிட்டு, “அது என் அப்பப்பாவின் பெயர்” என்றாள். மைத்துனர் எண்பதுகளில் நோர்வேக்குச் சென்றபோது, எங்கள் வழக்கப்படி தன் பெயருக்கு முன்னால் தகப்பனாரின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். அங்கு அது குடும்பப் பெயராகப் பதிவாகி, மனைவிக்கும் பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. என் தங்கை இன்றைக்கும் வைத்தியசாலை வரவேற்பறையில் தன் மாமனாரின் பெயரால்தான் அழைக்கப்படுகிறாள். அந்த அம்மையார் உடனே எழுதுகோலை வைத்துவிட்டு, தங்கள் நாட்டில் குடும்பப் பெயர் என்பதே பெரும்பாலும் கிடையாது என்று விளக்கத் தொடங்கினார். யோன் என்பவரின் மகன் யோன்சன், மகள் யோன்ஸ்டோட்டிர். திருமணத்தால் பெண்ணின் பெயர் மாறுவதில்லை. ஆகவே தாய், தந்தை, மகன், மகள் நால்வரும் ஒரே வீட்டில் நான்கு வெவ்வேறு பின்பெயர்களோடு இருக்கலாம். தொலைபேசி விபரக்கொத்தில்கூட மக்களைச் சொந்தப் பெயரின் அகரவரிசையிலேயே அடுக்கினார்கள். 1980 இல் மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த உலகின் முதற் பெண் ஜனாதிபதியான விக்டிஸ் ஃபின்போகடோட்டிரை நாடு முழுவதும் விக்டிஸ் என்றே அழைத்தது. பின்னுள்ள சொல், அவர் ஃபின்போகி என்பவரின் மகள் என்பதை மட்டும் தெரிவிப்பது.

எங்கள் பழைய காணி உறுதிகளில் “இன்னார் மகன் இன்னார்”, “இன்னார் மகள் இன்னார்” என்று எழுதியிருப்பதை நான் அவருக்குச் சொன்னேன். பெறாமகள் அதை மொழிபெயர்த்துவிட்டு என்னிடம் திரும்பி, “பெரியம்மா, அப்ப நாங்கள் பிழையாய் எழுதேல்லைத்தானே?” என்று கேட்டாள். படிவங்களில் தன் பெயருக்காகச் சிறுவயது முதல் விளக்கம் கொடுத்துக் களைத்த பிள்ளையின் கேள்வி அது. பிழையாக எழுதவில்லை என்று அவளுக்கு அன்று அழுத்திச் சொன்னேன். இங்கும் எழுதி வைக்கிறேன். ஒருவரின் பெயர் அவருடையது, அதோடு நிற்பது தந்தையின் பெயர் என்ற முறை, உலகில் யாழ்ப்பாணத்தாருக்கு மட்டும் உரிய குழப்பம் அல்ல.

பெயருக்கு அடுத்தபடி சொல். ஐஸ்லாந்து மொழி பேசுவோர் நான்கு இலட்சம் பேர்கூட இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்தின் மக்கள்தொகையை விடக் குறைந்த அந்தக் கூட்டம், புதிய பொருள் ஒன்று நாட்டுக்குள் வரும்போதெல்லாம் அதற்குத் தன் மொழியில் பெயர் தேடுகிறது. கணினிக்கு அவர்கள் இட்ட பெயர் டொல்வா: எண்ணைக் குறிக்கும் சொல்லையும், குறி சொல்லும் பெண்ணைக் குறிக்கும் பழஞ்சொல்லையும் சேர்த்து உருவாக்கியது. தொலைபேசிக்குச் சீமி என்று பெயர். நூல் அல்லது கயிறு என்ற பொருளில் பண்டைய ஏடுகளில் கிடந்து, வழக்கிழந்து போயிருந்த சொல்லை எடுத்து, கம்பி வழியே பேசும் கருவிக்குக் கொடுத்துவிட்டார்கள். மின்சாரத்துக்கு உரிய சொல்லின் நேர்ப்பொருள், அம்பர் என்ற இறுகிய மரப்பிசினின் வலு என்பது. அம்பரைத் தேய்த்தால் துரும்பை ஈர்க்கும் என்ற பழைய அறிவு அதற்குள் அடங்கியிருக்கிறது.

இதைக் கேட்டபோது எனக்கு மானிப்பாய் நினைவுக்கு வந்தது. 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு, மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பிக்கலாம் என்று நம்பி, உடற்கூற்றியலும் இரண வைத்தியமும் தமிழ் நூல்களாவதற்கு உழைத்தார். அதற்காக அவரும் அவருடைய மாணவரும் நூற்றுக்கணக்கான கலைச்சொற்களைத் தேடியும் ஆக்கியும் தொகுத்தார்கள். வெதுப்பகம் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே பாண் வாங்கிய தலைமுறை எங்களுடையது. சொல்லாக்கம் வீண்வேலை என்று சொல்பவர்களோடு எனக்கு நெடுநாளாக வாதம் உண்டு. ஒரு பிள்ளை தான் முதன்முறை கேட்கும் விஞ்ஞானச் சொல்லின் உறுப்புகளைப் பிரித்துப் பொருளை ஊகிக்க முடிந்தால், பாடத்தின் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது என்பதை வகுப்பறையில் கண்டிருக்கிறேன்.

ஐஸ்லாந்தியரால் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட தங்கள் பழங்கதைகளை, எழுத்துமுறையைச் சற்றே இற்றைப்படுத்தினால் இன்றும் வாசிக்க முடிகிறது. இதற்கு அந்த நாட்டின் குளிர்கால மாலைகளே பெரும் காரணம் என்று நினைக்கிறேன். மரம் அருகிய நாட்டில், கல்லையும், புல்லோடு வெட்டிய மண்கட்டிகளான புற்கரணைகளையும் அடுக்கிக் கட்டிய தாழ்ந்த வீடுகளில், நீண்ட இருட்டு மாதங்களில் குடும்பம் முழுவதும் ஒரே அறையில் கூடியிருந்து கம்பளி நூற்கும், பின்னும், கயிறு திரிக்கும். மீனெண்ணெய் விளக்கின் அருகில் ஒருவர் இருந்து, கதையையோ செய்யுளையோ உரக்க வாசிப்பார். செய்யுள்களுக்கு இராகம் உண்டு. மாலை விழிப்பு என்று பொருள்படும் சொல்லால் அதை அழைத்தார்கள். பண்ணைக் கூலியாட்களும் கிழவிகளும் பிள்ளைகளும் அந்த வாசிப்பைக் கேட்டே மொழியைப் பெற்றார்கள். எங்கள் கோயில் மண்டபங்களில் கந்தபுராண படனம் நடக்கும்போது, ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிக்க, மற்றவர் பயன் சொல்ல, எழுத்தறியாத என் பாட்டி தூணில் சாய்ந்திருந்து அடுத்த அடியை வாய்க்குள் முணுமுணுத்ததை நான் கண்டவள். அந்தப் புற்கரணை வீடொன்றுக்குள் குனிந்து நுழைந்து, இருண்ட அறையின் இரு பக்கத்துக் கட்டில்களையும் பார்த்தபோது, நாங்கள் வந்த தூரம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அந்த ஏடுகளின் கதை இன்னும் நெருக்கமானது. 1702 முதல் பத்தாண்டுகள், காணிப் பதிவுக்காக நாடு முழுவதும் சுற்றிய ஆர்னி மக்னூசன் என்ற அறிஞர், போகுமிடமெல்லாம் கன்றுத்தோலில் எழுதப்பட்ட பழஞ்சுவடிகளைத் தேடினார். வறுமை மிகுந்த காலம் அது, தோல் விலையுயர்ந்தது. சுவடியின் இதழ்களை மக்கள் சப்பாத்தின் அடியாகவும், சட்டை வெட்டும் அளவுத் தாளாகவும் பயன்படுத்தியிருந்தார்கள். அவற்றைக்கூட அவர் விடாமல் சேர்த்து, கொப்பன்ஹேகனுக்குக் கொண்டு சென்றார். 1728 ஒக்ரோபரில் அந்த நகரத்தில் பெருந்தீ மூண்டது. சுவடிகளில் பெரும்பகுதியைக் காப்பாற்ற முடிந்தபோதும், அவருடைய அச்சு நூல்களில் பெரும்பாலானவையும் சுவடிகள் சிலவும் எரிந்தன. பதினைந்து மாதங்களில் அவரும் இறந்துவிட்டார்.

எங்கள் அயலூரான சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, தொட்டால் ஓரம் உதிரும் ஏடுகளை ஊரூராகத் தேடி, 1887 இல் கலித்தொகையை அச்சேற்றியதை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1981 மே 31 நள்ளிரவு கடந்து எங்கள் பொது நூலகம் எரிந்ததையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடிருந்த ஏடுகளும் சாம்பலாயின. கொப்பன்ஹேகன் தீ தற்செயலாக மூண்டது, எங்களுடையது மூட்டப்பட்டது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேச நான் விரும்பவில்லை.

ஐஸ்லாந்து 1944 இல் குடியரசான பிறகு, கொப்பன்ஹேகனில் இருந்த தன் பழஞ்சுவடிகளைத் திருப்பித் தரும்படி டென்மார்க்கிடம் தொடர்ந்து கேட்டது. நெடிய விவாதங்களுக்கும் வழக்குகளுக்கும் பிறகு, 1971 ஏப்ரல் 21 அன்று டென்மார்க் கடற்படைக் கப்பலொன்று இரண்டு சுவடிகளோடு ரெய்க்யவிக் துறைமுகத்தை அடைந்தது. அவற்றில் ஒன்று, பழைய தெய்வங்களைப் பற்றிய பாடல்களைக் கொண்ட சிறிய ஏடு. மற்றது 113 கன்றுகளின் தோலிற் செய்யப்பட்டதாகச் சொல்லப்படும் பெரிய ஏடு. கடைகளையும் பள்ளிக்கூடங்களையும் மூடிவிட்டு, ஆயிரக்கணக்கான மக்கள் துறைமுகத்தில் வந்து நின்றார்கள். அரசனையோ வென்ற வீரனையோ வரவேற்கக் கூடிய கூட்டமல்ல அது. இரண்டு புத்தகங்களுக்காகக் கூடியது. இந்தச் செய்தியை நான் அந்நாட்டிலிருந்து திரும்பிய பின் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

தெற்குக் கரையிலிருந்து வெஸ்ட்மன் தீவுகளுக்குச் செல்லும் படகில் ஏறியபோது, நெடுந்தீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்பது போன்ற உணர்வு எழுந்தது. எரிமலைக்கல்லை அடுக்கிக் கட்டிய பழைய வேலிகளைப் பார்த்தபோது நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளும், குட்டையான குதிரைகளைப் பார்த்தபோது அந்தத் தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளும் நினைவில் வந்தன. ஐஸ்லாந்துக்குள் வெளிநாட்டுக் குதிரை எதையும் விடுவதில்லை. அங்கிருந்து வெளியே கொண்டு செல்லப்பட்ட குதிரை, பந்தயத்துக்காகச் சென்றதாயினும், பிறகு ஒருபோதும் நாடு திரும்ப முடியாது. நோய் வராமற் காப்பதற்கான ஏற்பாடு அது. ஆயினும் அதைக் கேட்டதும் தங்கையும் மைத்துனரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தத் தீவுகளில் மக்கள் வாழும் ஒரே தீவு ஹெய்மாய். 1973 ஜனவரி 23 அதிகாலை இரண்டு மணியளவில், ஊரின் கிழக்கு ஓரத்தில் நிலம் பிளந்து தீக்குழம்பு எழுந்தது. முந்தைய நாட் புயலினால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் துறைமுகத்துக்குள் நின்றிருந்தன. அவற்றில் ஏறி, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் விடிவதற்குள் பெருந்தரையை அடைந்துவிட்டார்கள். பிறகு மாதக்கணக்காக எரிந்த மலை, ஏறத்தாழ நானூறு வீடுகளை மூடியது. துறைமுகத்தின் வாயை நோக்கி நகர்ந்த குழம்பின் மேல் கடல்நீரைப் பம்பிகளால் இடைவிடாது பாய்ச்சி, குளிர வைத்து, அதை நிறுத்தினார்கள். துறைமுகம் தப்பியது, மக்களில் பெரும்பாலானோர் திரும்பி வந்து, சாம்பலை வாரி, வீடுகளைத் தோண்டி எடுத்தார்கள். உள்ளே வெப்பம் அடங்காத அந்தக் குழம்பிலிருந்தே பல ஆண்டுகள் வீடுகளுக்குச் சூடு எடுத்துக்கொண்டார்கள். சாம்பலுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த ஒரு வீட்டைச் சுற்றியே இப்போது அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். அதன் சரிந்த கூரைக்குக் கீழே, வீட்டார் விட்டுச்சென்ற பொருட்கள் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன.

அந்த வீட்டின் முன் என்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. 1995 ஒக்ரோபர் 30 அன்று மாலை, போருக்குத் தப்பி, எங்கள் ஊர்கள் அடங்கிய வலிகாமம் முழுவதும் ஒரே வீதியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, நாங்களும் அந்த மழைக்குள் நடந்தோம். அடுப்பில் இருந்த சோற்றுப் பானை அப்படியே இருந்தது. ஆறு மாதங்களின் பின் திரும்பியபோது, எங்கள் வீட்டில் கிடந்த இடத்திலேயே கிடந்த பொருள் என்று எதுவும் இருக்கவில்லை. எரிமலைச் சாம்பல், தான் மூடிய வீட்டிலிருந்து எதையும் எடுத்துச் செல்வதில்லை என்பதை அன்று அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு முன் நின்று எண்ணிக்கொண்டேன்.

இதை இப்போது எழுதத் தூண்டிய ஊர் கிரின்டவிக். ரெய்க்யவிக்கிலிருந்து தென்மேற்கே, கடலோரத்தில் இருக்கும் மீன்பிடி ஊர். விமான நிலையத்துக்குத் திரும்பும் வழியில் அங்கே மீன்சூப்பும் பாணும் சாப்பிட்டோம். துறைமுகத்தின் மணம், ஐஸ் பெட்டிகள், கடற்பறவைகளின் சத்தம் எல்லாம் பருத்தித்துறையை நினைவூட்டுவதாகப் பெறாமகளிடம் சொன்னேன். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பர் 10 அன்று, நிலநடுக்கங்கள் ஓயாமல் வந்து, தெருக்கள் பிளக்கத் தொடங்கவே, ஏறத்தாழ 3,800 பேரையும் அந்த இரவிலேயே வெளியேற்றினார்கள். அடுத்த நாட்களில் வீட்டுக்கு ஒருவராகச் சில நிமிடங்கள் உள்ளே சென்று, மிக வேண்டியவற்றை எடுத்து வர அனுமதித்தார்கள். 2024 ஜனவரி 14 இல் ஊரின் விளிம்பிலேயே நிலம் திறந்து, மூன்று வீடுகளைத் தீக்குழம்பு எரித்தது. பிறகு அரசு, விற்க விரும்பியவர்களின் வீடுகளை விலைக்கு வாங்கிக்கொண்டது.

ஒஸ்லோவிலிருந்து பெறாமகள் அந்த நவம்பரில் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். உள்ளே சென்றவர்கள் பூனைகளையும் குடும்பப் படங்களையும் எடுத்துக்கொண்டு வருவதைச் செய்தியில் பார்த்ததாகச் சொன்னாள். பிறகு, 95 இல் நாங்கள் எதை எடுத்தோம் என்று முதன்முறையாகக் கேட்டாள். அம்மா காணி உறுதியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அவளுடைய தாய் தன் பரீட்சைச் சான்றிதழ்களை எடுத்தாள். நான் ஒரு வாளியும் கயிறும் எடுத்தேன், போகுமிடத்துக் கிணற்றில் தண்ணீர் அள்ள வேண்டும் என்பதற்காக.